மணலில் இறங்கிய ராஜரதங்கள்

1916-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில், லிபியப் பாலைவனத்தின் நடுவே பீர் ஹக்கீம் என்னும் பாழ்ங்கிணற்றருகே சிறைப்பட்டுப் பட்டினி கிடந்த 'தாரா' என்ற ஆங்கிலக் கப்பலின் மாலுமிகளை மீட்பதற்காக, அந்நாளில் பிரிட்டனின் மகா செல்வந்தர்களில் ஒருவராக எண்ணப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு, ரோல்ஸ் ராய்ஸ் கார்களுக்கு இரும்புக் கவசம் போர்த்து அமைத்த படையொன்றைத் தாமே முன்னின்று நடத்தி, சாலை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாத நிலத்தில் நூறு மைலுக்கு மேல் ஓட்டிச் சென்று, உயிரோடிருந்தவர்களை மீட்டுக் கொண்டுவந்தார்.

இந்தச் சம்பவத்தைச் சொல்லுகிறவர்கள் பிரபுவின் துணிவையும் எஞ்சினின் ஆற்றலையும் புகழ்ந்து அதோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். ஆனால் அந்த வழி பெரும்பாலும் கெட்டியான சரளை நிலம் என்பதையும், நான்கு டன் கனமுள்ள அக்கவச வண்டிகளின் பாரத்தைத் தாங்குவதற்குப் பின்பக்கத்தில் இரட்டைச் சக்கரங்கள் பூட்ட வேண்டியிருந்தது என்பதையும், அதே பாலைவனத்தில் அதே முதல் உலக யுத்தகாலத்தில் ரோந்து சுற்றிய, விலையிலும் அந்தஸ்திலும் ரோல்ஸ் ராய்ஸின் பக்கத்தில் நிற்கத் தகுதியற்ற ஃபோர்டு 'டி' மாடல் வண்டிகள் இளகிய மணலிலும் புகுந்து புறப்பட்டன என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் சரித்திரம் பூரணமாகும். ஆடம்பர வாகனத்தைச் சாலையை விட்டுக் கீழே இறக்கவேண்டும் என்ற ஆசை ஏறக்குறைய மோட்டார் வாகனத்தின் வயதே உடையது. அந்த ஆசைக்குக் குறுக்கே நின்றது பெரும்பாலும் எஞ்சின் அல்ல, சக்கரமும் அதன்மேல் ஏறியிருக்கும் டயரும்தான்.

காற்றை ரப்பருக்குள் அடைத்துச் சக்கரத்தைச் சுற்றிக் கட்டலாம் என்ற யுக்தி முதன்முதலில் ராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்ற ஸ்காட்லாந்துக்காரருக்கு 1845-இல் தோன்றியது. மோட்டார் பிறக்காத காலமாகையால் அவருடைய காற்றுச் சக்கரங்கள் குதிரை வண்டிகளோடு மறைந்துபோயின. 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை வைத்தியர் ஜான் டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்காக அதே யுக்தியை மறுபடியும் கண்டுபிடித்தார். 1895-இல் மிஷெலின் சகோதரர்கள் பாரிஸிலிருந்து போர்டோ சென்று திரும்பும் பந்தயத்தில் காற்றடைத்த டயர் பூட்டிய காரை ஓட்டி, வழிநெடுகப் பஞ்சர் ஒட்டிக்கொண்டே போய், பிறருடைய பரிகாசத்தையும் எதிர்காலத்தையும் ஒருங்கே சம்பாதித்தார்கள். அக்காலத்து டயர் குறுகலானது. கல்போல இறுகும்வரை காற்றடைக்கப்பட்டது. கற்சாலையில் குலுங்காமல் போவதற்கு அது போதும்; மண்ணில் இறங்கினால் அது கத்திபோல் அறுத்துக்கொண்டு உள்ளே போகும்.

அந்த ரப்பர் எங்கிருந்து வந்தது என்பதை ஒரு தமிழன் எழுதும்போது சொல்லாமல் போவது நியாயமாகாது. 1876-இல் ஹென்றி விக்ஹாம் பிரேஸில் தேசத்திலிருந்து கொண்டுபோன ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, இலங்கைக்கும் மலாயா பக்கத்துக்கும் பரவின. பின்னர் மலாயாவில் காடழித்து மரம் நட்டவர்களிலும், விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிக் கோப்பையில் சேர்ந்த பாலை வாளி வாளியாகச் சுமந்தவர்களிலும் பெரும் பகுதியினர் கங்காணிகளின் வார்த்தையை நம்பிக் கப்பலேறிய நம் ஜனங்களே. டன்லப் கம்பெனிக்கே மலாயாவில் பெரும் தோட்டங்கள் இருந்தன. சீமான்களுடைய கார்கள் எந்தப் பாலைவனத்தில் எந்தப் பெருமையைத் தேடிப் போனபோதிலும், அவை மிதித்துச் சென்றது இந்த உழைப்பைத்தான்.

டயர் மண்ணுக்கு உதவாது என்று எண்ணியவர்கள் அதை அடியோடு தள்ளிவிடவும் பார்த்தார்கள். ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கோலஸின் கார்க்கொட்டகையில் வேலை பார்த்த அடால்ஃப் கெக்ரெஸ் என்னும் பிரெஞ்சுக்காரர், அரண்மனைக் கார்கள் பனியில் புதையாமல் ஓடவேண்டும் என்பதற்காகப் பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு ரப்பர்ப் பட்டைகளைச் சுழலவிட்டார். புரட்சிக்குப் பிறகு சக்கரவர்த்தி போனார், பட்டை மட்டும் போகவில்லை. ஏழைகளின் தலைவரான லெனினுடைய ரோல்ஸ் ராய்ஸும் பின்னால் இதே பட்டைகளோடும் முன்னால் பனிச்சறுக்குக் கட்டைகளோடும் ஓடியது. தாய்நாடு திரும்பிய கெக்ரெஸைச் சித்ரோயன் கம்பெனி ஏற்றுக்கொண்டது. 1922 டிசம்பரில் அல்ஜீரியாவின் துகூர்த் நகரத்தில் புறப்பட்ட ஐந்து பட்டை வண்டிகள் சஹாராவைக் குறுக்கே கடந்து 1923 ஜனவரியில் திம்புக்துவை அடைந்தன. எகிப்து ராஜ குடும்பத்தைச் சேர்ந்த கமாலுத்தீன் இளவரசரும் அதே வகை வண்டிகளில்தான் எகிப்தின் தென்மேற்கு மூலைவரை சென்றார். பட்டை எங்கும் போகும். ஆனால் மெதுவாகப் போகும், பெட்ரோலைக் குடிக்கும், சீக்கிரம் தேயும். காலத்தில் நின்றது டயர்தான். அதற்கு முக்கிய காரணம், அதன் உள்ளே இருக்கும் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்பதை ஒரு மனிதர் சிரத்தையோடு பயன்படுத்திக் காட்டியது.

ரால்ஃப் பாக்னால்டு என்ற அந்த மனிதர் பிரபுவல்லர். 1920-களில் கெய்ரோவில் உத்தியோகம் பார்த்த ராணுவ அதிகாரி, அடிப்படையில் ஓர் எஞ்சினியர். விடுமுறை கிடைத்தபோதெல்லாம் தம்மைப்போன்ற சில நண்பர்களைக் கூட்டிக்கொண்டு, கையிலிருந்த சம்பளப் பணத்தில் வாங்கிய ஃபோர்டு கார்களில், முதலில் 'டி' மாடலிலும் பிறகு 'ஏ' மாடலிலும், பாலைவனத்துக்குள் போய்வருவது அவருக்குப் பொழுதுபோக்காயிருந்தது. எகிப்துக்கும் லிபியாவுக்கும் இடையே நூற்றுக்கணக்கான மைல் நீண்டு கிடக்கும் மகா மணற்கடலைக் கார் கடக்க இயலாது என்று அக்காலத்தில் எல்லாரும் நம்பினார்கள். 1930-இல் அவர் அந்த மணற்கடலுக்குள் காரோட்டிச் சென்று அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கினார். காருக்கு வேண்டாத கனத்தையெல்லாம், கதவு கூரை உள்பட, கழற்றி எறிந்தார். கெய்ரோவின் பழைய இரும்புக்கடையில் கிடந்த, யுத்தகாலப் பதுங்குகுழிகளுக்குக் கூரை போடச் செய்த எஃகுத் தகடுகளை வாங்கி, புதைந்த சக்கரத்தின் அடியில் செருகிக் காரை மேலேற்றினார். ரேடியேட்டரில் கொதித்து ஆவியாகும் நீரை ஒரு தகரத்தில் பிடித்துக் குளிரவைத்து மறுபடியும் உள்ளே இழுத்துக்கொள்ளும்படி செய்தார். இவை எல்லாவற்றையும்விட எளியதும் செலவற்றதுமான ஒரு வழக்கத்தையும் அவர் பரவச் செய்தார்: இளகிய மணல் வந்ததும் வண்டியை நிறுத்தி, டயர்களிலிருந்து கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு, அதன் பிறகு ஓட்டுவது.

இதன் தத்துவம் ஒரு பள்ளிக்கூடக் கணக்கில் அடங்கிவிடும். இன்றைய ஆடம்பர வண்டி ஒன்று 2,400 கிலோ கனமுள்ளது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சக்கரத்தின்மேலும் 600 கிலோ உட்காருகிறது. டயரில் சதுர அங்குலத்துக்கு 35 பவுண்டு காற்றிருந்தால், ரப்பர்ச் சுவர் தானாகத் தாங்கும் சிறு பங்கை ஒதுக்கிவிட்டுப் பார்க்கையில், அந்த 600 கிலோவைத் தாங்கத் தரையில் படியவேண்டிய பரப்பு ஏறக்குறைய 245 சதுர சென்டிமீட்டர். காற்றைப் பாதியாகக் குறைத்தால் பரப்பு இரட்டிக்கிறது. மணலின்மேல் விழும் அழுத்தம் பாதியாகிறது. ஒட்டகத்தின் பாதம் பரந்து மெத்தென்று இருப்பதும் இதற்காகவேதான். மேலும், பார்க்கிறவர்கள் டயர் பக்கவாட்டில் உப்பி அகலமாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். உண்மையில் தடம் அகலத்தைவிட நீளத்திலேயே அதிகமாக வளருகிறது. நீண்ட தடம் மணலைத் தோண்டாமல் அதன்மேல் படிந்து உருளும். இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளாதவர்கள்தான் இன்றைக்கும் அகலமான டயரை வாங்கி, அதில் காற்றை நிரப்பி, மணலில் புதைந்துபோகிறார்கள்.

பாக்னால்டு இதோடு நிற்கவில்லை. மணல் எவ்வாறு நகருகிறது, மணல்மேடு எவ்வாறு பிறக்கிறது என்ற ஆராய்ச்சியில் இறங்கி, லண்டனில் காற்றுக்கூண்டு அமைத்துப் பரிசோதித்து, 1941-இல் அவர் வெளியிட்ட சாஸ்திர நூல் இன்றளவும் அத்துறையில் பிரமாணமாக இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1940-இல், பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் வேவலின் ஆதரவில் அவர் நிறுவிய நெடுந்தூரப் பாலைவனப் படை, ஷெவ்ரலே லாரிகளில் பருத்த டயர்களைப் பூட்டிக்கொண்டு, பகைவர் எதிர்பாராத திசைகளிலிருந்தெல்லாம் முளைத்தது. பிறர் வேலையற்ற வேலையென்று நினைத்த விடுமுறை விளையாட்டு இப்படி ஒரு ராஜ்யத்துக்குப் பயன்பட்டதை நினைக்கும்போது, ராணுவ அதிகாரிகளுக்கு இன்னும் அதிக விடுமுறை கொடுத்தால் என்ன என்றுகூடத் தோன்றுகிறது.

அதே யுத்தம் வேறு இரண்டு பாடங்களையும் விட்டுச்சென்றது. அமெரிக்க ஜீப்பின் டயர்மேல் துருத்தி நிற்கும் பட்டன்கள் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே மாதிரி நேர்க்கட்டைகளாக வார்க்கப்பட்டிருந்தபடியால், சேற்றில் பின்வாங்கும்போதும் முன்செல்லும்போதும் பிடிப்பு ஒன்றாகவே இருந்தது. தடத்தைப் பார்த்து வண்டி எந்தப் பக்கம் போயிற்று என்று பகைவனால் சொல்லவும் இயலவில்லை. காற்று முழுவதும் போனாலும் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடாதபடி, இரண்டு பகுதிகளாகப் பிரித்து போல்ட் போட்டு இறுக்கும் ரிம்களும் அப்போது வந்தன. நீரிலும் நிலத்திலும் செல்லும் 'டக்' என்ற ஊர்தியிலோ, ஓட்டுநர் ஆசனத்தை விட்டு எழாமலே டயர்க் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வசதி செய்திருந்தார்கள். பாக்னால்டின் கைவேலை ஒரு குழாயும் திருகும் ஆகிவிட்டது.

யுத்தம் முடிந்து இரண்டு வருஷங்களுக்குப் பின், வேல்ஸ் தேசத்து ஆங்கிள்ஸி தீவில் தம் பண்ணையில் ஒரு பழைய ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்த ரோவர் கம்பெனியின் தலைமை எஞ்சினியர் மாரிஸ் வில்க்ஸ், அதற்கு மாற்றாக ஒன்றை நாமே செய்யலாகாதா என்று எண்ணியதிலிருந்து லேண்ட் ரோவர் பிறந்தது. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அரங்கேறிய அவ்வண்டி, ஜீப்பின் சக்கர இடைவெளியையும் 16 அங்குல ரிம்மையும் அப்படியே சுவீகரித்துக்கொண்டது. அது உழவனின் வண்டி. ஆடம்பரம் என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. அதில் பூட்டிய டயரும் அக்காலத்து மரபுப்படி நூலடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய முரட்டு டயர்: முள்ளையும் கல்லையும் தாங்கும், ஆனால் தார்ச்சாலையில் வேகமெடுத்தால் ஆடும், சூடேறும்.

உழவனின் வண்டிக்கும் சீமானின் வண்டிக்கும் நடுவே இருந்த அகழியைத் தூர்த்தது ரேடியல் டயர் என்றே நான் கருதுகிறேன். மிஷெலின் கம்பெனி 1946-இல் உரிமை பதிந்து 1949-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இந்த டயரில், நூலடுக்குகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர்க்குறுக்காக ஓடுகின்றன. தரையில் படியும் பட்டையின் அடியில் எஃகுக் கம்பிகளாலான ஓர் ஒட்டியாணம் இறுகப் பிடிக்கிறது. அதனால் டயரின் விலா வளைந்து கொடுத்தபோதிலும் அடிப்பாகம் தட்டையாகவே நிலத்தில் படிகிறது. விலாவும் அடியும் தத்தம் காரியத்தைத் தனித்தனியே பார்க்கும் இந்த ஏற்பாடு சாலையில் வேகத்துக்கும் உதவியது, மணலில் காற்றை இறக்கும்போது நீண்ட தடத்துக்கும் உதவியது. சாலைக்காக உண்டான ஒரு பொருள் காட்டிலும் இவ்வளவு பொருந்திவந்தது.

1970 ஜூன் மாதம் வெளிவந்த ரேஞ்ச் ரோவர் இந்தச் சந்திப்பில் பிறந்த குழந்தை. ஸ்பென் கிங்கும் கார்டன் பாஷ்ஃபோர்டும் அமைத்த அவ்வண்டிக்கு எட்டு சிலிண்டர் எஞ்சின், நான்கு சக்கரத்துக்கும் எப்போதும் ஓயாத உந்து சக்தி, நீண்டு சுருங்கும் சுருள்வில்கள் என்ற லக்ஷணங்கள் இருந்தன. மணிக்கு 90 மைலுக்கு மேல் ஓடக்கூடிய ஒரு வண்டி அதே நாளில் சேற்று வயலிலும் இறங்க வேண்டுமானால், அதற்குரிய டயர் முன்னாலேயே இருந்தாக வேண்டும். சேற்றுக்கும் பனிக்கும் என்று மிஷெலின் செய்த 205 ஆர் 16 என்னும் ரேடியல் டயர் அவ்விதம் அமைந்தது. ரிம் 16 அங்குலம், அழுத்தி வார்த்த எஃகு. டயரின் விலா 16 சென்டிமீட்டருக்குக் குறையாத உயரம். வெளியிடுமுன் 'வெலார்' என்று பொய்ப்பெயர் ஒட்டிச் சஹாராவுக்கு அனுப்பிச் சோதித்த வண்டிகளும் இத்தகைய சக்கரங்களில்தான் ஓடின. வேலையாளின் ஜோட்டுச் சேற்றைக் குழாய்நீரால் கழுவிவிடும்படி உள்ளே பிளாஸ்டிக் ஆசனமும் ரப்பர்த் தரையும் போட்டிருந்த அவ்வண்டியைத் தோல் மெத்தையும் மரப் பளபளப்புமாக ஆக்கியது அதைச் செய்தவர்களைவிட வாங்கியவர்களே.

அதன் முதல் பெரும் பரீட்சை டயர்களைப் பற்றிய ஒரு பரீட்சையாகவும் முடிந்தது. அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்காவின் கோடிவரை கார்களை ஓட்டிச் செல்வது என்ற சங்கல்பத்தோடு 1971 டிசம்பரில் மேஜர் ஜான் பிளாஷ்ஃபோர்டு ஸ்நெல் தலைமையில் பிரிட்டிஷ் கோஷ்டி ஒன்று இரண்டு ரேஞ்ச் ரோவர்களோடு புறப்பட்டது. பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையே சாலையே இல்லாத டேரியன் இடைவெளி என்ற சதுப்புக் காட்டை அவர்கள் கடக்க ஏறக்குறைய நூறு நாட்கள் பிடித்தன. சதுப்புக்கு என்று பருத்த, அகன்ற டயர்களைப் பூட்டியிருந்தார்கள். மழையிலும் சேற்றிலும் பின்னச்சின் டிஃபரென்ஷியல்கள் உடைந்தன. புதியவை ஆகாய மார்க்கமாக வரும்வரை பயணம் நின்றது. வண்டியில் ஏற்றிய பாரமும் அந்தப் பெரிய டயர்களும் சேர்ந்தே அதற்குக் காரணமாயின. ஏனென்றால், டயரின் சுற்று பெரிதாகப் பெரிதாக அதைச் சுழற்றும் பல்சக்கரங்களுக்கு எதிரே நிற்கும் நெம்புகோலும் நீளுகிறது. பிடிப்பு அதிகமாகும்போது, முன்பெல்லாம் வழுக்கித் தப்பித்துக்கொண்ட இடத்தில் இப்போது இரும்பு முறிகிறது. பெரிய டயர் போட்டால் எங்கும் போகலாம் என்று நம்புகிறவர்கள் டேரியன் காட்டின் கதையை ஒருமுறை வாசிப்பது உத்தமம்.

இதற்கிடையே அமெரிக்காவில் ரேடியல் டயருக்குக் காட்டுப் பட்டன்களை அணிவித்துப் பார்த்தார்கள். 1976-இல் பி.எஃப். குட்ரிச் கம்பெனி வெளியிட்ட 'ஆல் டெரெய்ன்' என்னும் டயர் அவ்வகையில் முதலாவது. சேற்றுக்கென்றே இடைவெளி அகன்ற பட்டன்களோடு வந்தது பின்னால் பிறந்த தம்பி. சேறு கட்டைகளுக்கு இடையே அடைத்துக்கொள்ளாமல் சுழற்சியில் தெறித்து வெளியேற வேண்டும் என்பதற்காகவே அந்த இடைவெளி. ஆனால் அதே முரட்டுப் பட்டன் இளமணலில் மண்வெட்டியாகிவிடுகிறது, தார்ச்சாலையில் இரைச்சலிடுகிறது, மழையில் பிரேக் பிடித்தால் வழுக்குகிறது. வீட்டு வாசலில் நிற்கும்போது கம்பீரமாகத் தெரிகிறது என்ற ஒரே காரணத்துக்காக அதை வாங்கியவர்கள் அனந்தம்.

1978 டிசம்பர் 26-ஆம் தேதி பாரிஸில் தொடங்கித் தக்கார் நகரத்தை நோக்கிப் புறப்பட்ட முதல் பந்தயத்தில் கார்களில் முதலாவதாக வந்தது ஒரு ரேஞ்ச் ரோவர்; 1981-இலும் ரெனே மெட்ஜ் என்பவர் அதே வகை வண்டியில் வென்றார். இந்த வெற்றிகள் சீமான்களுடைய ஆசையைக் கிளறிவிட்டன. அதன் உச்சமாக 1986-இல் லம்போர்கினி கம்பெனி, தன் ஸ்போர்ட்ஸ் காரின் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினையே பெயர்த்து வைத்து, 'எல்.எம். 002' என்ற பூதாகாரமான ஒன்றை வெளிக்கொணர்ந்தது. அவ்வண்டியின் வேகத்தையும் கனத்தையும் மணற்சூட்டையும் ஒன்றாகத் தாங்கும் டயர் உலகத்தில் எங்குமில்லை. ஆகையால் பைரெல்லி கம்பெனி அதற்கென்றே 'ஸ்கார்ப்பியன்' என்னும் டயரைப் படைத்தது: அகலம் 345 மில்லிமீட்டர், ரிம் 17 அங்குலம், காற்று ஏறக்குறைய முழுவதும் போன நிலையிலும் ஓடத்தக்கது, மணலுக்கு மட்டும் ஒரு பட்டன் வார்ப்பு, எல்லாவற்றுக்கும் பொதுவாக இன்னொன்று. வண்டிக்குத் தகுந்த டயரைத் தேடிய காலம் போய், டயரை வரவழைத்துப் படைக்கும் காலம் வந்தது. செலவைப் பற்றிக் கேட்பது அநாகரிகமாகையால் அதை விட்டுவிடுவோம். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவ்வளவு வேகத்துக்கும் 17 அங்குல ரிம்மே போதுமென்று அவர்கள் கண்டார்கள், மிச்சமெல்லாம் ரப்பரும் காற்றும்.

அதன் பிறகு நடந்தது விசித்திரம். வண்டிகள் கனத்துக்கொண்டே போயின. கனத்துக்கும் வேகத்துக்கும் ஏற்ப பிரேக் தட்டுகள் பெருத்தன. தட்டுகளை உள்ளடக்க ரிம் பெருத்தது. இது நியாயமான காரணம். திருப்பத்தில் வண்டி சாயாமல் நிற்க டயரின் விலா குட்டையாக இருப்பது நல்லது என்பதும் நியாயமே. ஆனால் இவ்விரண்டையும் மீறிய மூன்றாவது காரணம் ஒன்றுண்டு: அலங்காரம். பளபளக்கும் அலாய்ச் சக்கரம் பெரிதாக இருந்தால் வண்டி விலையுயர்ந்ததாகத் தெரிகிறது. 1970-இல் 16 அங்குலமாயிருந்த ரேஞ்ச் ரோவரின் ரிம், 2002-ஆம் வருஷத்து வண்டியில் 19, 20 என்று ஏறி, 2012-ஆம் வருஷத்து வண்டியில் 22 வரை போயிற்று.

இந்தப் பெருக்கம் எதைத் தின்று வளர்ந்தது என்று அளந்து பார்ப்பது சுவாரஸ்யமானது. பழைய 205 ஆர் 16 டயரின் மொத்த உயரம் ஏறத்தாழ 74 சென்டிமீட்டர். 22 அங்குல ரிம்மில் ஏறும் 275/40 (அகலம் 275 மில்லிமீட்டர், விலா அதில் 40 சதவீதம்) டயரின் மொத்த உயரம் ஏறத்தாழ 78. நாற்பது வருஷத்தில் சக்கரம் முழுவதுமாகப் பார்த்தால் நான்கு சென்டிமீட்டர்தான் வளர்ந்திருக்கிறது. ஆனால் விலாவின் உயரமோ 16 சென்டிமீட்டருக்கு மேலிருந்து 11-க்கு இறங்கிவிட்டது. இரும்பும் அலுமினியமும் பெருத்தன, காற்று மெலிந்தது. இறக்குவதற்கே காற்றில்லாதவனிடம் காற்றை இறக்கு என்று சொன்னால் என்ன செய்வான்? 11 சென்டிமீட்டர் விலாவில் பாதிக் காற்றை இறக்கினால், அடுத்த கல்லில் ரிம்மின் விளிம்பே மோதும். அலாய் வெடிக்கும், அல்லது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே சிக்கிய டயர் இரண்டாக அறுபடும். ஆகாயத்தில் மிதப்பதுபோன்ற சஸ்பென்ஷனும் நிலத்தின் தன்மையைத் தானே உணரும் கம்ப்யூட்டரும் இருந்தும், அவ்வண்டி மணலின் விளிம்பில் தயங்கி நிற்கும்படி ஆனது இவ்விதம்தான்.

ஆகவே, இத்தகைய வண்டியை மெய்யாகவே காட்டுக்கும் மணலுக்கும் கொண்டுபோக விரும்புகிறவர் முதலில் செய்யவேண்டியது பெரிய டயரைத் தேடுவதல்ல, சிறிய ரிம்மைத் தேடுவது. பிரேக் தட்டின்மேல் உரசாமல் எவ்வளவு சிறிய ரிம் ஏறுமோ அதை ஏற்றி, மொத்த உயரம் மாறாதபடி விலா உயர்ந்த டயரைப் போட்டுக்கொண்டால், வண்டியின் பல்சக்கரக் கணக்கும் வேகமானியும் கெடுவதில்லை. சக்கரக் கூண்டில் உரசுவதுமில்லை. பழைய உண்மையைச் செய்பவர்களும் மறக்கவில்லை என்பதற்கு 2020-இல் விற்பனைக்கு வந்த லேண்ட் ரோவரின் புதிய டிஃபெண்டரே சாட்சி: அழகுக்கு 22 அங்குலம்வரை வைத்துக்கொண்டு, கூடவே 18 அங்குல எஃகுச் சக்கரத்தையும் 255/70 டயரோடு கொடுத்தார்கள். அதன் விலா ஏறக்குறைய 18 சென்டிமீட்டர்; 1970-ஆம் வருஷத்து ரேஞ்ச் ரோவரையும் மிஞ்சியது. ஆனால் அதே டிஃபெண்டரின் எட்டு சிலிண்டர் வண்டிக்குப் பிரேக் பெருத்திருப்பதால் அந்த 18 அங்குலச் சக்கரம் ஏறாது. அதிக விலை கொடுத்தவருக்குக் குறைந்த காற்று. எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும்போதே டயரையும் தேர்ந்தெடுத்துவிடுகிறோம் என்பதை விற்கிறவர்கள் சொல்வதில்லை.

எஃகா, அலாயா என்ற விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. எஃகு ரிம் கனமானது. கல்லில் மோதினால் நெளியும், நெளிந்ததைச் சம்மட்டியால் தட்டி நிமிர்த்தி ஊர் போய்ச் சேரலாம். வார்த்த அலாய் இலகுவானது. குண்டுகுழியில் சக்கரம் சீக்கிரம் எழுந்து விழும், சவாரி சுகமாயிருக்கும். ஆனால் உடைந்துவிட்டால் அது உடைந்ததுதான். உலைக்கூடமே இல்லாத தூரதேசத்துக்குப் போகிறவர் எஃகை விரும்புவதும், வாரக்கடைசியில் மணல்மேட்டில் ஏறி இறங்கித் திரும்புகிறவர் அலாயே போதும் என்பதும் இரண்டும் சரியே. பட்டன் விஷயத்தில் எனக்குச் சந்தேகமில்லை: சதுப்பிலேயே குடியிருப்பவரைத் தவிர மற்றவர்களுக்கு 'ஆல் டெரெய்ன்' வகையே உசிதம், ஏனெனில் ஆடம்பர வண்டி எவ்வளவு காடு சுற்றினாலும் அதன் ஆயுளில் பெரும் பகுதி தார்ச்சாலையில்தான் கழிகிறது. இவற்றோடு ஐந்தாவது சக்கரமும் மற்ற நான்கின் அளவிலேயே இருக்கவேண்டும். இடத்தை மிச்சம் பிடிப்பதற்காகப் பின்பெட்டியில் ஒளித்துவைக்கும் மெலிந்த உபசக்கரம் பட்டணத்துப் பஞ்சருக்கு உதவும். கல்லுக்காட்டில் அது அலங்காரமே.

2013-இல் மெர்ஸிடஸ் கம்பெனி ஆறு சக்கரங்களோடு வெளியிட்ட ஜி 63, ஆடம்பரத்தின் எல்லையையே தாண்டிய வண்டி. அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது 37 அங்குல டயரின் நடுவே 18 அங்குல ரிம். டயரின் விளிம்பைக் கழலாமல் பூட்டிப் பிடிக்கும் வளையமும், ஓடிக்கொண்டிருக்கும்போதே காற்றைக் கூட்டிக் குறைக்கும் குழாய்களும் அதில் உண்டு. அந்த வசதியில்லாத மற்றவர்கள் மணலில் இறங்குமுன் காற்றை 18 பவுண்டு அளவுக்குக் குறைத்துக்கொண்டு, சட்டென்று திருப்பாமலும் சட்டென்று பிரேக் பிடிக்காமலும் ஓட்டவேண்டும். அழுத்தம் குறைந்த டயர் பக்கவாட்டில் இழுபட்டால் ரிம்மை விட்டுக் கழன்றுபோகும். தார்ச்சாலைக்கு ஏறியதும் காற்றைத் திரும்ப நிரப்பாமல் வேகமெடுத்தால், விலா மடிந்து மடிந்து சூடேறி, சில மைல்களுக்குள் டயர் கிழிந்துவிடும். ஆகையால் வேறு எதை மறந்தாலும், பேட்டரியில் இயங்கும் ஒரு நல்ல காற்றுப் பம்பையும், காற்றை அளக்கும் கருவி ஒன்றையும் வண்டியிலே வைத்துக்கொண்டுதான் புறப்பட வேண்டும். அவற்றின் விலை, அந்த வண்டிகளின் விலையில் சிறு பங்குகூட ஆகாது.